உங்கள் இணையக் கடையின் பணம் நடுவில் யார் கையில் இருக்கிறது?

மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற குடும்பமாக இருக்கலாம். சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் வீடாக இருக்கலாம். திருநகரிலோ அண்ணா நகரிலோ பருப்புப்பொடியும் ஊறுகாயும் போட்டுக் கூரியரில் அனுப்பும் ஓர் அக்காவாக இருக்கலாம். சொந்தமாக இணையதளம் போட்டு முடித்த அன்று எல்லோரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: வாடிக்கையாளரிடம் பணத்தை எப்படி வாங்குவது? தளம் செய்து கொடுத்த தம்பி ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். "அண்ணே, இதுல கமிஷன் கம்மி. நாளைக்கே லைவ் பண்ணிரலாம்." அண்ணனும் சரி என்று தலையாட்டுவார். அந்தக் கடையின் வருமானம் இனிமேல் எந்த வழியாக வரப்போகிறது என்பது அந்த நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

கமிஷன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் வரை யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது? அந்த இடைப்பட்ட நாட்களில் ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? நம்பகமான சேவை எது என்பதை இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கம் அழகாக இருப்பதும், பெரிய கிரிக்கெட் வீரர் விளம்பரத்தில் வருவதும் இதற்குப் பதில் ஆகாது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை இறக்கும் விவசாயிக்கு இது புதிதில்லை. பூவைக் கமிஷன் கடையில் போடுகிறார். விற்ற பணம் கடைக்காரரிடம் சேர்கிறது. கமிஷன் போக மீதி இவர் கைக்குப் பிறகு வருகிறது. எந்தக் கடையில் பூவைப் போடலாம், எதில் போடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். காரணம், நடுவில் பணத்தை வைத்திருப்பவரின் முகமும் பேரும் அவருக்குத் தெரியும். இணையத்தில் அந்த நடு ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்வே வேறு, அக்ரிகேட்டர் வேறு

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'பேமென்ட் கேட்வே' என்கிறோம். ரிசர்வ் வங்கி இதை இரண்டாகப் பிரிக்கிறது. பணத்தைத் தொடாமல், தகவலை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்தும் தொழில்நுட்பச் சேவை கேட்வே. வாடிக்கையாளரின் பணத்தைத் தானே வாங்கி, சேர்த்து வைத்து, பிறகு வியாபாரிக்குக் கொடுப்பது பேமென்ட் அக்ரிகேட்டர். சிறு கடைகள் சேர்வதெல்லாம் பெரும்பாலும் இந்த அக்ரிகேட்டர்களிடம்தான்.

பணத்தைத் தொடுகிறவர் என்பதால் அக்ரிகேட்டருக்கு அனுமதி வேண்டும். 2007 ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் கீழ், 2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி இதற்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. வங்கி அல்லாத நிறுவனம் விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் அதை 25 கோடியாக்க வேண்டும். 2025 செப்டம்பர் 15 அன்று வந்த புதிய முதன்மை உத்தரவு, இணையத்தில் பணம் வசூலிப்போர், கடையில் நேரில் வசூலிப்போர், நாடு தாண்டிய பணத்தைக் கையாள்வோர் என்று அக்ரிகேட்டர்களை மூன்றாக வகுத்திருக்கிறது. வங்கிகளுக்கு இந்தத் தனி அனுமதி தேவையில்லை. உங்கள் கரன்ட் அக்கவுன்ட் இருக்கும் வங்கியே இந்தச் சேவையைத் தந்தால் அதுவும் ஒரு நல்ல வழி. கிளை மேலாளரை நேரில் போய்ப் பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

இந்த விதிகளில் சிறு வியாபாரிக்கு மிகவும் முக்கியமானது எஸ்க்ரோ கணக்கு. அக்ரிகேட்டர் வசூலிக்கும் பணம் அவருடைய சொந்தச் செலவுக் கணக்கில் விழக்கூடாது. ஒரு ஷெட்யூல்டு வணிக வங்கியில் தனியாக வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில்தான் விழ வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டி அவர் கடன் வாங்க முடியாது. சட்டத்தின் 23ஏ பிரிவு இந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. அக்ரிகேட்டர் நிறுவனமே நொடித்துப் போனாலும், எஸ்க்ரோவில் இருக்கும் பணத்தின் மேல் முதல் உரிமை அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்குத்தான். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு இல்லை. நவராத்திரிக்கு முந்தைய வாரம் விற்ற பொம்மைகளின் பணம் மூன்று நாள் நடுவில் நிற்கிறது என்றால், அந்த மூன்று நாளும் உங்களுக்குக் காவல் இந்தப் பிரிவுதான். அனுமதி இல்லாத ஆளிடம் நிற்கும் பணத்துக்கு இந்தக் காவல் கிடையாது.

பட்டியலில் பார்ப்பது எப்படி

அனுமதி பெற்ற அக்ரிகேட்டர்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பார்க்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை.

பட்டியலில் இருப்பது நிறுவனத்தின் பதிவுப் பெயர். நமக்குத் தெரிந்தது விளம்பரப் பெயர். உதாரணத்துக்கு, பில்டெஸ்க் என்று நாம் சொல்வது இந்தியா ஐடியாஸ் டாட் காம் என்கிற நிறுவனத்தின் சேவை. அதனால் முதலில் அந்தச் சேவையின் ஒப்பந்தத்தையோ தளத்தின் அடிப்பகுதியையோ பார்த்துப் பதிவுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள். இரண்டாவது, இறுதி அனுமதி வேறு, கொள்கையளவிலான அனுமதி வேறு. இரண்டாவது வகை, விண்ணப்பம் பாதி வழியில் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

இந்த வித்தியாசம் காகிதத்தோடு நிற்கவில்லை. 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பெரிய நிறுவனங்களையே, இறுதி அனுமதி கிடைக்கும் வரை புதிய வியாபாரிகளைச் சேர்க்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில்தான் அவை இரண்டும் அனுமதி பெற்று மறுபடியும் சேர்க்கத் தொடங்கின. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குச் சேவை நிற்கவில்லை. ஆனால் புதிதாகக் கடை திறக்க நினைத்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது கட்டுப்பாடு வந்தபோது, வரும் பணத்தை அந்த வங்கியின் கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருந்த வியாபாரிகள் மார்ச் 15க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டி வந்தது. வேறு வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. பணம் வசூலித்துத் தருகிறவரும் பணம் வந்து சேரும் வங்கியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பட்டியலில் இல்லாத இன்னொரு வகை ஆட்களையும் சொல்ல வேண்டும். "எங்க கேட்வே இருக்கு சார், டாக்குமெண்டே வேண்டாம், இன்னைக்கே தர்றோம்" என்று போனில் அழைக்கிறவர்கள். இவர்களில் சிலர் வேறொரு அக்ரிகேட்டரிடம் தங்கள் பெயரில் கணக்குத் திறந்து, அதில் பல கடைகளின் பணத்தையும் வாங்கி, பிறகு தாங்களே பிரித்து அனுப்புகிறார்கள். வாடிக்கையாளரின் கார்டு விவரத்தில் உங்கள் கடைப் பெயர் வராது. உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் பணம் யாரோ ஒரு தனிநபர் கணக்கிலிருந்து வந்திருக்கும். அந்த ஆள் போனை எடுக்காமல் விட்டால் கேட்க நாதி இல்லை. அவர் கணக்கில் வேறொரு கடையின் மோசடிப் பணம் கலந்துவிட்டால் முடக்கப்படுவது உங்கள் பணமும் சேர்த்துத்தான்.

கேஒய்சி கேட்பது தொந்தரவு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். பான் கார்டு, வங்கிக் கணக்குச் சான்று, கடை முகவரி, ஜிஎஸ்டி இருந்தால் அதன் எண் என்று கேட்பார்கள். தளத்தில் தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் விதி, பொருள் அனுப்பும் விதி, தொடர்பு முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வியாபாரியின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்பது அக்ரிகேட்டர் மேல் இருக்கும் கடமை. அதைச் செய்கிறவர் விதிப்படி நடக்கிறார் என்று பொருள். எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறவரிடம்தான் பயப்பட வேண்டும். அதே நேரத்தில், எந்த உண்மையான சேவையும் உங்கள் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்காது. போனை தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொல்லாது. அப்படிக் கேட்டால் அந்த அழைப்பு மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

யூபிஐ நம்பர் மட்டும் போதாதா?

நியாயமான கேள்வி. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வரும் கடைக்கு, தளத்தில் க்யூஆர் படத்தைப் போட்டு, பணம் அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் தெரிவிக்கச் சொல்வதே போதும். 2020 ஜனவரி 1 முதல் யூபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டிலும் வியாபாரியிடம் எம்டிஆர் என்னும் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பணம் நடுவில் யாரிடமும் நிற்காமல் நேராக உங்கள் கணக்குக்கே வருகிறது. நம்பிக்கை என்ற கோணத்தில் பார்த்தால் இதைவிடச் சுருக்கமான பாதை கிடையாது.

ஆர்டர் பெருகும்போதுதான் சிக்கல். யார் அனுப்பியது எந்த ஆர்டருக்கு என்று தினமும் ராத்திரி உட்கார்ந்து ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பினால் ஒருநாள் போலிப் படம் வந்தே தீரும். பணம் வந்ததுபோலப் படம் செய்து தரும் ஆப்புகளே சுற்றிக்கொண்டிருக்கின்றன. படத்தைப் பார்க்காதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிரெடிட் கார்டில் வாங்க நினைக்கும் சென்னை, பெங்களூர் வாடிக்கையாளர்கள் இந்த வழியில் வரவும் மாட்டார்கள். அக்ரிகேட்டர் தேவைப்படுவது அந்தக் கட்டத்தில்தான்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

2,500 ரூபாய் சுங்குடிச் சேலை ஒன்று கிரெடிட் கார்டில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 2 சதவீதம் என்றால் 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 9 ரூபாய். மொத்தம் 59 ரூபாய் போய், கைக்கு வருவது 2,441. விளம்பரத்தில் 2 சதவீதம் என்று இருந்தாலும் உண்மையில் கழிவது 2.36 சதவீதம். ரூபே அல்லாத டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கியே எம்டிஆருக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: 2018 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம். யூபிஐக்கு எம்டிஆர் இல்லாவிட்டாலும், தளத்தோடு இணைத்துத் தருவதற்கென்று சில நிறுவனங்கள் தனியாக ஒரு சேவைக் கட்டணம் போடுகின்றன. ஆகவே "ரேட் எவ்வளவு" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. யூபிஐ, டெபிட், கிரெடிட், வெளிநாட்டு கார்டு, இஎம்ஐ என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் யூபிஐயில் கட்டுகிறவர்கள் என்றால், கிரெடிட் கார்டு கட்டணத்தில் கால் சதவீதம் குறைவதைப் பற்றி மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் பலர் பார்க்காமல் விடுவது பணத்தைத் திருப்பித் தரும் நேரம். சேலையின் நிறம் படத்தில் பார்த்ததுபோல இல்லை என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிறார். நீங்கள் 2,500 ரூபாயையும் முழுதாகத் திருப்புகிறீர்கள். அந்த 59 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வருமா? பல சேவைகளில் வராது. எனவே உங்கள் தொழிலில் திரும்பி வரும் பொருள் எவ்வளவு என்பதைப் பொறுத்து உண்மையான செலவு மாறும். சாயம் கையால் தோய்ப்பதால் ஒவ்வொரு சுங்குடியிலும் சிறு வேறுபாடு இருக்கும். அதைத் தளத்தில் தெளிவாக எழுதி வைத்தாலே ரீஃபண்ட் செலவு குறையும்; எந்தச் சேவையின் தள்ளுபடியும் இதற்கு ஈடாகாது.

விளாச்சேரி பொம்மைக்கு விவகாரம் வேறு. மண் பொம்மை வழியில் உடைகிறது. அதைவிடப் பெரிய விஷயம், வருடத்தின் விற்பனை பெரும்பகுதி நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்களில் நடந்து முடிகிறது. மாதம் ஐயாயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று வாரத்துக்கு ஒரு லட்சம் ஏறினால், அக்ரிகேட்டரின் கணினி அதைச் சந்தேகமாகக் குறித்துக்கொள்ளும். திருட்டு கார்டுகளை வைத்து விற்பனை செய்கிறவர்களின் கணக்கும் இப்படித்தான் ஏறும் என்பதால், அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. விளைவு, செட்டில்மென்ட், அதாவது வசூலான பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்புவது, நிறுத்தி வைக்கப்படும். பில், கூரியர் ரசீது எல்லாம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வரும். களிமண்ணுக்கும் பெயின்டுக்கும் கூலிக்கும் கடன் வாங்கிப் போட்ட குடும்பத்துக்கு அந்தப் பத்து நாள் நிறுத்தம் தாங்க முடியாதது.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு. கணக்குத் திறக்கும்போதே, இது பருவகால வியாபாரம், இந்த மாதங்களில் இவ்வளவு வரும் என்று எழுதிக் கொடுங்கள். ஆகஸ்ட் மாதமே மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். ஒப்பந்தத்தில் "நிறுத்தி வைக்கும் உரிமை", "இருப்புத் தொகை" (பாதுகாப்புக்கென்று அவர்கள் பிடித்து வைக்கும் பணம்) என்ற பகுதிகளைத் தேடிப் படியுங்கள்: எந்தக் காரணத்துக்கு நிறுத்தலாம், எத்தனை நாள் வரை, யாரிடம் முறையிடுவது. இந்தப் பகுதி தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நிறுவனத்துக்கு அரை சதவீதம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன். எல்லாவற்றையும் "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் விலகிவிடுங்கள்.

செட்டில்மென்ட் நாளும் இதோடு சேர்ந்ததுதான். விற்ற இரண்டு வேலை நாளில் பணம் வரும் என்று சொன்னால், வெள்ளி மாலை விற்றது செவ்வாய்க்கிழமை வரும். நடுவில் வங்கி விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். உடனே வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கூரியர்காரருக்கு என்றைக்குப் பணம் கொடுக்க வேண்டும், சாயக்காரருக்கு என்றைக்கு என்று பார்த்து, அதற்கு ஒத்துவரும் சுழற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் கழிந்தது, ஆர்டர் வரவில்லை

மேலூரிலிருந்து ஒருவர் போனில் பணம் கட்டுகிறார். சிக்னல் போய்விடுகிறது. அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. உங்கள் தளத்தில் ஆர்டர் பதிவாகவில்லை. அவர் உங்களுக்குத்தான் போன் போடுவார், உங்களைத்தான் திட்டுவார். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இந்த இடத்தில் உதவுகிறது. இணைய வர்த்தகத்தில் இப்படிக் கழிந்து உறுதியாகாமல் நின்ற பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, டேஷ்போர்டில் (சேவையில் உங்கள் கணக்கு விவரங்களைக் காட்டும் பக்கம்) அதன் நிலையைப் பார்த்து அவருக்குப் பதமாகப் பதில் சொன்னால் வாடிக்கையாளர் போகமாட்டார். ஒரு சேவையின் டேஷ்போர்டில் இப்படி ஒரு எண்ணைப் போட்டு உடனே தேட முடிகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆதரவு மையத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கேள்வியை அனுப்புங்கள். எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது, வருவது மனிதர் எழுதியதா, கேட்டதற்கான பதிலா என்று பாருங்கள். புகார்களைக் கையாளும் நோடல் அதிகாரியின் விவரத்தை அக்ரிகேட்டர் தன் தளத்தில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. அது கிடைக்காத தளத்தில் மற்றதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சார்ஜ்பேக் என்பது வாடிக்கையாளர் தன் வங்கியிடம் "இந்தப் பரிவர்த்தனையை நான் ஏற்கவில்லை" என்று முறையிட்டு, பணம் உங்களிடமிருந்து திரும்ப எடுக்கப்படுவது. குறித்த நாளுக்குள் ஆதாரம் கொடுக்காவிட்டால் தோற்றதாகவே ஆகிவிடும். ஸ்பீட் போஸ்ட் எண், கூரியர் ஒப்படைத்த சான்று, பொட்டலம் கட்டும்போது எடுத்த படம், வாடிக்கையாளரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஆர்டர் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

தளத்துக்குள் இருக்கும் ஓட்டைகள்

சேவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தளத்தோடு இணைத்த விதம் சரியில்லை என்றால் பயனில்லை.

கார்டு எண்ணை உங்கள் தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது; அதற்குப் பதிலாக டோக்கன் என்னும் மாற்று எண்தான் பயன்பட வேண்டும். பணம் கட்டும் நேரத்தில் வாடிக்கையாளரை அக்ரிகேட்டரின் பக்கத்துக்கே அனுப்பிவிடும் முறை சிறு கடைகளுக்கு எல்லா விதத்திலும் நல்லது. "நம்ம சைட்லயே கார்டு ஃபார்ம் வச்சிரலாம், பாக்க நல்லாருக்கும்" என்று டெவலப்பர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருப்பதை மட்டும் வைத்து எதையும் நம்பிவிடாதீர்கள். அனுப்பும் தகவல் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கப்படுகிறது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடித் தளங்களும் அந்தப் பூட்டோடுதான் வருகின்றன.

பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் திரையில் தோன்றும் "வெற்றி" பக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்தப் பக்கத்தின் முகவரியைத் தெரிந்தவர் பணம் கட்டாமலே அதைத் திறந்துவிட முடியும். அக்ரிகேட்டரின் கணினி உங்கள் தளத்தின் கணினிக்கு நேராக அனுப்பும் செய்தி ஒன்று உண்டு, வெப்ஹூக் என்பார்கள். அதில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகையும் ஆர்டர் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும். டெவலப்பரிடம் இதைக் கேளுங்கள்: "2,500 ரூபாய் சேலைக்கு ஒருத்தர் 25 ரூபாய் கட்டிட்டா நம்ம சைட் என்ன செய்யும்?" உடனே தெளிவாகப் பதில் சொல்ல முடியாதவர் அந்த வேலையை முடிக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்ரிகேட்டர் கணக்கு யாருடைய மின்னஞ்சலிலும் போன் நம்பரிலும் இருக்கிறது? வேகமாக முடிக்க வேண்டும் என்று தளம் செய்த தம்பி தன் மின்னஞ்சலிலேயே திறந்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார், நம்பர் மாறிவிடும். அதற்குப் பிறகு பணம் சேரும் வங்கிக் கணக்கை மாற்றவும், ரீஃபண்ட் போடவும், தளத்தைச் சேவையோடு இணைக்கும் ரகசியச் சாவிகளை எடுக்கவும் கூடிய கதவு உங்கள் கையில் இல்லை. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போனுக்கு ஓடிபி வரும்படி இருக்க வேண்டும். டெவலப்பருக்குத் தேவையான அளவு மட்டும் தனி அனுமதி கொடுக்கும் வசதி நல்ல சேவைகளில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, ரகசியச் சாவிகளை மாற்றிவிடுங்கள். இதை அவமரியாதையாக எந்த நல்ல டெவலப்பரும் நினைக்க மாட்டார்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விற்கிறவர்களுக்கு விதிகள் தனி. வெளிநாட்டுப் பணத்தைக் கையாளும் அக்ரிகேட்டர்களுக்கு 2023 அக்டோபர் 31 அன்று தனி விதிமுறை வந்தது; இப்போது அது 2025 முதன்மை உத்தரவுக்குள் தனி வகையாக அடங்கியிருக்கிறது. இந்தியாவுக்குள் பணம் வசூலிக்க அனுமதி உள்ள நிறுவனத்துக்கு அந்த வகை அனுமதியும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேபால் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க மட்டும் பயன்படும். கட்டணம் உள்நாட்டை விட அதிகம், நாணய மாற்றில் தனியாக ஒரு கழிவும் உண்டு. வணிகமாக ஏற்றுமதி செய்ய ஐஇசி என்னும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வாங்கிவிடுங்கள்.

கடையைத் திறப்பதற்கு முதல் நாள் நீங்களே வாடிக்கையாளராக உட்காருங்கள். உங்கள் சொந்த கார்டில் ஒரு சிறிய தொகைக்கு நிஜமாகவே வாங்குங்கள், யூபிஐயிலும் ஒருமுறை. வங்கியின் குறுஞ்செய்தியில் உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். எத்தனை நாளில் பணம் வந்தது, எவ்வளவு கழிந்தது, ஸ்டேட்மென்டில் அனுப்பியவர் பெயர் என்ன என்று எழுதி வையுங்கள். அது ரிசர்வ் வங்கிப் பட்டியலில் நீங்கள் பார்த்த நிறுவனத்தின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கார்டில் வாங்கியதை ரீஃபண்ட் செய்யுங்கள். வாடிக்கையாளர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி. வேறு வாலெட்டிலோ கூப்பனாகவோ வந்து நின்றால் அந்தச் சேவையோடு தளத்தைத் திறக்காதீர்கள்.